பெயர் வெட்டிய இடம் ஏன் துருப்பிடிப்பதில்லை?

கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலைகளிலிருந்து கட்டுமானக் கம்பி ஏற்றிய லாரிகள் புதுவாயல் என்ற ஊர் வழியாகச் சென்னைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆலையிலிருந்து வரும்போது கம்பி நீலம் பாய்ந்த கருமையாக இருக்கும். வீடு கட்டும் இடத்தில் இறக்கிப் போட்டு, ஐப்பசி மழையில் சில நாள் நனைந்தால் போதும், செம்பழுப்பாகிவிடும். தொட்டால் கையில் ஒட்டும். அதே புதுவாயலில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் குடம் ஒன்றாவது இருக்கும். நாற்பது வருடம் தண்ணீர் சுமந்திருக்கும். தரையில் விழுந்து நெளிந்திருக்கும். ஆனால் துரு இருக்காது. இத்தனைக்கும் அந்தக் குடத்திலும் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பங்கு இரும்புதான்.

அந்தக் குடத்தின் கழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெண்ணின் பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பாத்திரக் கடைக்காரர் மின்சார ஊசியை வைத்துத் தகட்டின் மேற்பரப்பைக் கிழித்துப் போட்ட எழுத்து அது. இரும்பின் மேல் வேறு ஏதோ ஒன்றைப் பூசித்தான் துருவைத் தடுத்திருக்கிறார்கள் என்றால், கிழிந்த அந்த எழுத்துகளில்தான் துரு முதலில் கிளம்பியிருக்க வேண்டும். பீங்கான் பூச்சு போட்ட பழைய தட்டுகளில் அப்படித்தான் நடக்கும். விளிம்பில் பூச்சு தெறித்த இடம் கறுத்துத் துருவேறும். எவர்சில்வரில் மட்டும் எழுத்து ஏன் பளிச்சென்று இருக்கிறது?

ஆயுள் முழுக்க உழைக்கும் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவருக்கு இந்தக் கேள்வியைவிட நல்ல தொடக்கம் இல்லை. பாத்திரத்தின் ஆயுளை நாம் கனத்தை வைத்து அளந்து பழகிவிட்டோம். உண்மையில் அதைத் தீர்மானிப்பது கண்ணுக்கே தெரியாத மேற்பரப்பு.

ஏடு கட்டும் உலோகம்

இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து துருவாகிறது. துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பொருக்குப் பொருக்காக எழும்பும். பொருக்குகளின் இடுக்கு வழியே தண்ணீரும் காற்றும் உள்ளே போகும். அதனால் அடியில் இருக்கும் இரும்பும் துருவாகும். துரு இரும்பைக் காப்பதில்லை. அடுத்த துருவுக்கு வழி விடுகிறது.

இரும்பை உருக்கும்போது அதில் குரோமியம் சேர்த்தால் கதை மாறுகிறது. குரோமியத்துக்கு ஆக்சிஜன் மேல் இரும்பைவிட ஈர்ப்பு அதிகம். அது முந்திக்கொண்டு ஆக்சிஜனோடு சேர்ந்து, மேற்பரப்பு முழுவதும் நெருக்கமான ஓர் ஆக்சைடு படலத்தை விரிக்கிறது. இந்தப் படலத்தில் இடுக்கு இல்லை, பொருக்கு இல்லை. தண்ணீரும் காற்றும் அதைத் தாண்டி உலோகத்தைத் தொட முடியாது. ஆகவே வேதிவினை அங்கேயே நின்றுவிடுகிறது. உலோகம் வினை புரியாமல் அடங்கி நிற்கும் இந்த நிலையைச் ‘செயலறு நிலை’ என்றும், அதை உண்டாக்கும் படலத்தைக் ‘காப்புப் படலம்’ என்றும் சொல்லலாம்.

காய்ச்சிய பாலின் ஏட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் ஏட்டை ஒதுக்கினால், சற்று நேரத்தில் அங்கே மறுபடி ஏடு கட்டும். ஏடு வெளியிலிருந்து வந்து விழுவதில்லை. அதற்கு வேண்டியது பாலுக்குள்ளேயே எங்கும் கலந்திருக்கிறது. தண்ணீர் அதிகம் கலந்த பாலில் ஏடு சரியாகக் கட்டாது. எவர்சில்வரும் இப்படித்தான். குரோமியம் மேலே பூசப்பட்டதல்ல, தகட்டின் தடிமன் முழுவதும் கலந்திருப்பது. பெயர் வெட்டும்போது படலம் கிழிகிறது. கிழிந்த இடத்தில் புதிய குரோமியம் காற்றைத் தொடுகிறது. படலம் மறுபடி மூடிக்கொள்கிறது. நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது குரோமியம் இருந்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். அதற்குக் கீழே போனால் படலம் தொடர்ச்சியாக விரியாது, துரு புகுந்துவிடும்.

பார்க்க முடியாததை எப்படி அறிந்தார்கள்?

இந்தப் படலத்தின் தடிமன் ஒன்றிலிருந்து மூன்று நானோமீட்டர் வரைதான். முப்பதாயிரம் படலங்களை அடுக்கினால் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். பளபளப்பைக்கூட அது மறைப்பதில்லை. அப்படியிருக்க, அது இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?

முதல் தடயம் வேறொரு புதிரிலிருந்து வந்தது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பைப் போட்டால் நுரைத்துக் கரையும். அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் அசையாமல் கிடக்கும். கடுமையான அமிலம் தொடாததை, மெலிந்த அமிலம் தின்கிறது. 1836-இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் இதைப் பற்றி லண்டனில் இருந்த மைக்கேல் ஃபாரடேக்கு எழுதினார். அடர்ந்த அமிலம் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தை உண்டாக்கியிருக்கலாம் என்பது ஃபாரடேயின் ஊகம். அது நிரூபணமாகத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1927-இல் கேம்பிரிட்ஜில் யூலிக் எவான்ஸ், உலோகத்தை மட்டும் கரைத்தெடுத்து, மேலே இருந்த படலத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்.

இதற்கிடையே எவர்சில்வர் பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் தேயாமலிருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 1913-இல் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் சேர்த்து வார்த்த எஃகை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலத்தில் நனைத்தார். அமிலம் அதை அரிக்க மறுத்தது. வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட ஒன்றும் செய்யவில்லை. கத்திக்கு ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டே ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் ஸ்ட்ராஸும் மாவ்ரரும் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த எஃகுக்குக் காப்புரிமை கேட்டிருந்தார்கள். நம் சமையல்கட்டுக்கு வந்தது இந்த வகையின் வாரிசு. சேலம் உருக்காலை 1981-இல் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியது. அதற்கு வெகு முன்பே திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தின் பாத்திரப் பட்டறைகள் செம்பிலும் பித்தளையிலும் பேர் வாங்கியவை. பின்னர் எவர்சில்வருக்கும் கை பழகின.

காப்புப் படலம் கிழிந்தால் மூடிக்கொள்கிறது என்பதையும் ஊகமாக விடவில்லை. ஆய்வகத்தில் எவர்சில்வர் துண்டை உப்பில்லாத திரவத்தில் வைத்து, அதில் ஓடும் மின்னோட்டத்தை அளந்தபடியே கூர்முனையால் கீறுகிறார்கள். கீறிய கணத்தில் மின்னோட்டம் குபீரென்று எகிறுகிறது, ஏனென்றால் வெற்று உலோகம் கரையத் தொடங்குகிறது. மிகக் குறைந்த நேரத்தில் மின்னோட்டம் சரிந்து பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. படலம் மூடிக்கொண்டது என்பதற்கு அதுவே சாட்சி.

உப்பு என்னும் எதிரி

ஆனால் இந்தப் படலத்தை உடைக்கத் தெரிந்த பொருள் ஒன்று ஒவ்வொரு வீட்டு அடுப்பு மேடையிலும் இருக்கிறது. உப்பிலிருக்கும் குளோரைடு அயனி படலத்தின் பலவீனமான புள்ளியில் துளைக்கும். துளை விழுந்ததும் அதனுள்ளே இருக்கும் சிறிதளவு நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். படலம் மறுபடி கட்ட வழியில்லை. கரைந்த உலோகம் மேலும் குளோரைடை இழுக்கும். துளைக்குள் அமிலத்தன்மை ஏறும். வெளியே பாத்திரம் பளபளக்க, உள்ளே குழி ஆழமாகிக்கொண்டே போகும். இதற்குக் ‘குழியரிப்பு’ என்று பெயர்.

இட்லிப் பானையிலோ சாதம் வடிக்கும் பாத்திரத்திலோ அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். ஊசி குத்தினாற்போல் சாம்பல் நிறப் புள்ளிகள் தட்டுப்பட்டால், குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இருக்கக்கூடும். உப்புக்கல் அடியில் தங்கிக் கரையும்போது, அந்த ஒரு புள்ளியில் மட்டும் உப்பின் அடர்த்தி மிக அதிகமாகிறது. தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கிளறிவிட்டால் இது நடக்காது. ஊறுகாயைப் பீங்கான் பரணியில் வைத்த நம் பாட்டிமாரின் வழக்கம் இந்த அறிவியலோடு அப்படியே பொருந்துகிறது. உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் தங்கும் இடம் எவர்சில்வர் டப்பா அல்ல.

புதுவாயல் பகுதியில் இந்த எச்சரிக்கைக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. கிழக்கே பழவேற்காடு ஏரியும் கடலும். தெற்கே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் 1960களின் இறுதியில் கிணற்றுத் தொகுதிகள் அமைத்துச் சென்னைக்காக நிலத்தடி நீரை எடுக்கத் தொடங்கினார்கள். ஊறும் அளவைவிட எடுத்த அளவு கூடியபோது, மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே நுழைந்தது. உப்பேறிய கிணற்றுநீரைப் புழங்கும் வீட்டில், பாத்திரத்தில் தண்ணீர் தேங்கி, ஆவியாகி, உப்பு அடர்ந்து நிற்கவே கூடாது. கழுவிக் கவிழ்த்து, துடைத்து வைப்பது அங்கே பாத்திரத்தின் ஆயுளையே கூட்டும் வேலை.

காந்தம் சொல்வதும் சொல்லாததும்

கடையில் ‘காந்தம் ஒட்டவில்லை, அசல் எவர்சில்வர்’ என்று சொல்லி விற்பார்கள். இதில் பாதிதான் உண்மை.

எவர்சில்வரில் பல தரங்கள் உண்டு. 304 என்ற தரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். நிக்கல் சேரும்போது இரும்பு அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே மாறிவிடுகிறது; அந்த அடுக்கு காந்தத்தில் ஒட்டாது. தகடு விரிசல் விடாமல் குடமாக வளைந்து கொடுப்பதற்கும் அதுவே காரணம். 430 என்ற தரத்தில் குரோமியம் 16 முதல் 18 பங்கு, நிக்கல் சேர்ப்பதில்லை. அது காந்தத்தில் ஒட்டும். ஒட்டுவதால் அது போலி ஆகிவிடாது. தட்டு, கரண்டிக்கெல்லாம் தாராளமாக ஆகும். இண்டக்‌ஷன் அடுப்புப் பாத்திரங்களின் அடியில் வேண்டுமென்றே காந்தம் ஒட்டும் எஃகைத்தான் பதிக்கிறார்கள்.

சிக்கல் 200 வரிசைத் தரங்களில் இருக்கிறது. நிக்கல் விலை உயர்ந்த உலோகம். அதன் பெரும்பகுதியை மாங்கனீஸைக் கொண்டு ஈடுசெய்து தயாரிப்பவை இவை. மாங்கனீஸும் நிக்கலைப் போலவே அணு அடுக்கை மாற்றிவிடும். ஆகவே இவற்றிலும் காந்தம் ஒட்டாது. 304-ஐயும் இவற்றையும் காந்தத்தால் பிரிக்கவே முடியாது. விலை குறைந்த 200 வரிசைத் தகடுகளில் குரோமியமும் குறைவாகவே இருக்கும். உப்பை எதிர்க்கும் திறனும் குறையும். போதாததற்கு, நல்ல 304 பாத்திரத்திலும் விளிம்பு மடித்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கும். பலமாக வளைத்த இடத்தில் அணு அடுக்கு பழையபடி மாறிவிடுவதே காரணம். காந்தத்தை மட்டும் நம்பினால் நல்லதை ஒதுக்கிவிட்டு மட்டமானதை வாங்க வாய்ப்புண்டு.

பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் காந்தத்தை நம்பியிருப்பதில்லை. கையடக்கக் கருவியால் உலோகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள எக்ஸ் கதிரைத் திருப்பி உமிழும். அதைப் படித்து, இத்தனை பங்கு குரோமியம், இத்தனை நிக்கல் என்று சில நொடிகளில் கருவி சொல்லிவிடும். தனிமங்களின் இந்த அடையாளத்தை ஹென்றி மோஸ்லி ஒழுங்குபடுத்திக் காட்டியதும் 1913-இல்தான். குடம் வாங்கப் போகிறவர் கையில் இந்தக் கருவி இருக்காது. ஆகவே அவருக்குத் துணை, பாத்திரத்தில் பொறித்த தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும். எவர்சில்வர் சமையல் பாத்திரங்களுக்கு ஐ.எஸ். 14756 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச்சில் ஆணை பிறப்பித்தது.

எவர்சில்வருக்கு இன்னொரு குறையும் உண்டு. வெப்பத்தை அது மெதுவாகத்தான் கடத்தும். செம்பு அதைவிட ஏறத்தாழ 25 மடங்கும், அலுமினியம் 14 மடங்கும் வேகமாகக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் காய்ந்து, பால் அடிபிடிப்பது இதனால்தான். அடியில் அலுமினியமோ செம்போ வைத்துப் பொதிந்த பாத்திரம் இதற்கு விடை. காய்ந்த பாத்திரத்தைக் குழாயடியில் நீட்டிக் குளிர்ந்த நீரை மட்டும் பாய்ச்சாதீர்கள். இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் சுருங்கும். பல முறை அப்படிச் செய்தால் அடித்தகடு பிரிந்துவிடும்.

பழக்கிய கல்

இரும்புத் தோசைக்கல்லில் குரோமியம் இல்லை. காற்றும் அதைக் காக்காது. அதைக் காக்கும் படலத்தை நாம் சமைத்துக் கொடுக்கிறோம். கல்லைப் ‘பழக்குவது’ என்று சொல்வது இதைத்தான். புதுக் கல்லை வடிகஞ்சியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிக் காய்ச்சி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, மறுநாளும் அதையே செய்வார்கள். சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஆக்சிஜன் துணையோடு ஒன்றோடொன்று கைகோத்துப் பெரும் வலையாகின்றன. வேதியியலில் இது ‘பலபடியாதல்’. வலையான எண்ணெய் மறுபடி உருகாது, தண்ணீரில் கரையாது; கறுத்து வழவழப்பாக இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். கைகோக்க வேண்டுமானால் மூலக்கூறில் அதற்கான இடம், அதாவது இரட்டைப் பிணைப்பு, இருக்க வேண்டும். நல்லெண்ணெயில் பெரும்பகுதி அப்படிப்பட்ட கொழுப்பு. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அந்த இடம் இல்லாத நிறைகொழுப்பு. ஆகவே நல்லெண்ணெயில் கல் சீக்கிரம் பழகும். தேங்காயெண்ணெயில் மிக மெதுவாகத்தான் பழகும். புளி அந்தப் படலத்தை அரித்து இரும்பைத் தொட்டுவிடும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு கறுத்துப்போவது அதனால்தான். கல்லில் துரு பிடித்தாலும் தூக்கிப் போட வேண்டாம். தேய்த்துவிட்டு மறுபடி பழக்கினால் போதும். வார்ப்பிரும்புக் கல்லானால் கீழே போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கரி கலந்திருக்கிறது. அதனால் வளையாது, உடையும்.

பித்தளைக்கும் செம்புக்கும் காப்பு, கலாய். பூசுகிறவர் பாத்திரத்தைத் தணலில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, உருகும் வெள்ளீயத்தைப் பஞ்சால் ஓர் இழுப்பு இழுப்பார். கறுத்த உட்புறம் வெள்ளியாக மாறும். வெள்ளீயம் உருகும் வெப்பம் 232 டிகிரி. வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் கலாய் ஓடிவிடும்; உள்ளே தண்ணீர் இருந்தால் 100 டிகிரியைத் தாண்டாது. ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஈயச்சொம்பு வாங்கும்போது காரீயம் கலக்காத சுத்தமான வெள்ளீயம்தானா என்று நம்பிக்கையான இடத்தில் கேட்டு வாங்க வேண்டும், காரீயம் நஞ்சு.

அலுமினியமும் தானே படலம் கட்டும் உலோகம்தான். ஆனால் அந்தப் படலம் புளிப்பிலும் சோடாவிலும் கரையும். சாதத்துக்கு ஆகும், புளிக்குழம்புக்கு ஆகாது. நான்ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சு 1938-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வகைப் பிளாஸ்டிக். 260 டிகிரிக்கு மேல் அது கெடத் தொடங்கும். கரண்டி கீறினால் காற்றாலும் எண்ணெயாலும் அதை மூட முடியாது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி

இவ்வளவையும் ஒரே கேள்வியில் அடக்கலாம்: இந்தப் பாத்திரத்தின் மேற்பரப்பு கெட்டால், அதைப் புதுப்பிப்பது யார்? எவர்சில்வருக்குக் காற்று, இரும்புக்கு வீட்டில் சமைப்பவர், பித்தளைக்குக் கலாய்க்காரர். ‘யாருமில்லை’ என்பது பதிலானால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அது சில வருடப் பாத்திரம்தான். அதைத் தெரிந்தே வாங்கலாம். ஆயுள் முழுக்க உழைக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது.

பிறகு கைப்பிடியைப் பாருங்கள். பாத்திரம் கெடுவதற்கு முன் பெரும்பாலும் கெடுவது அதுதான். ரிவெட் அடித்த கைப்பிடியா, புள்ளிப் பற்றவைப்பா, மாற்றக்கூடிய திருகா என்று பாருங்கள். குக்கரானால் இருபது வருடம் கழித்தும் காஸ்கெட்டும் பாதுகாப்பு வால்வும் கிடைக்கும் நிறுவனத்தைத் தேடுங்கள். அந்த இரண்டையும் காலம் தவறாமல் மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. சீர்ப் பாத்திரம் வாங்கும்போது பெயர் வெட்டிக் கொடுங்கள் என்று நாம் கேட்காமல் விடுவதில்லை. அதே உரிமையோடு, தகட்டின் தரம் 304-ஆ, 430-ஆ, 200 வரிசையா என்பதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்க வேண்டும். தங்கத்துக்கு முத்திரை கேட்கப் பழகிய மக்கள் நாம். மூன்று வேளையும் சோறாக்கும் பாத்திரத்துக்கும் அதைக் கேட்கத் தொடங்கினால், தரத்தைப் பொறித்து விற்பது கடைக்காரருக்கும் செய்பவருக்கும் தானாகவே வழக்கமாகிவிடும்.